பழையதும் பக்கத்தில் ஒரு முட்டையும்

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பாடம் உணவைப் பற்றியது. ஆசிரியர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "காலையில என்ன சாப்பிட்ட?" முன் பெஞ்சில் இட்லி. அடுத்தவன் தோசை. அதற்கடுத்தவன் பூரி. என் முறை வந்ததும் "இட்லி சார்" என்றேன். வயிற்றில் இருந்தது பழைய சோறும் சுட்ட கருவாடும். கருவாட்டு வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். காலனியிலிருந்து என்னோடு வந்த ஏழு பேருமே அன்று இட்லி சாப்பிட்டவர்களாகத்தான் இருந்தோம். உண்மையில் எங்கள் தெருவில் இட்லி அவிவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான். அதற்கும் மாவு ஆட்ட, ஆட்டுக்கல் இருந்த ஒரே வீட்டு வாசலில் முதல்நாள் இரவே இடம்பிடித்து உட்கார வேண்டும்.

இன்று அதே பழைய சோற்றை மண்சட்டியில் ஊற்றி, மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து, நகரத்து ஓட்டல்களில் 'பாரம்பரிய உணவு' என்று பலகை போட்டு விற்கிறார்கள். விலை கேட்டால் அரை நாள் கூலி. கைப்பேசியைத் திறந்தால் ஆளுக்கொரு சத்தான காலை உணவு சொல்லித்தருகிறார்கள். ஓட்ஸ், சியா விதை, பாதாம் பால். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடியற்காலையில் நடவுக்கு வேன் ஏறும் பெண்ணுக்கு இதில் எது பொருந்தும்? அவர் கையில் இருப்பது ரேஷன் அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில், வாசலில் ஒரு முருங்கை மரம். இவற்றை வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

முதலில் அந்தப் பெண்ணின் காலையைப் பார்ப்போம். நாலரைக்கு எழுகிறார். வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் சோறாக்கி, ஒரு குழம்போ ரசமோ கூட்டி முடிக்கும்போது ஆறு மணி. மற்றவர்களுக்குத் தட்டில் விழுகிறது. அவருக்குத் தூக்குவாளியில் போகிறது. வாளியைத் திறப்பது பத்து, பத்தரை மணிக்கு, நாற்றங்காலோரத்தில். அதுவரை வயிற்றில் இருப்பது ஒரு கிளாஸ் டீ. பக்கத்திலேயே ஒரு பன்னோ வடையோ இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கொடுத்துவைத்த நாள். குனிந்த நிலையில் நான்கு மணி நேர வேலை இந்த டீயின் பலத்தில் நடக்கிறது.

ஏன் சாப்பிட்டுவிட்டுப் போவதில்லை என்று என் அம்மாவிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "நேரம் எங்கடா இருக்கு தம்பி" என்பார். இன்னும் கொஞ்சம் குடைந்தால்தான் அடுத்த காரணம் வரும். நீராகாரம் குடித்துவிட்டுப் போனால் ஒன்பது மணிக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். நடுவயலில் எங்கே ஒதுங்குவது? ஆம்பளைகள் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டு வரப்பில் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கருவைப் புதர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இருட்டும் வரை அடக்க வேண்டும். அதனால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, நீர்க்கடுப்பு, தலைசுற்றல் என்று அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண்களிடம் காலை உணவைப் பற்றிப் பேசும்போது இந்த விஷயத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. உலகத்திலேயே சிறந்த கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தாலும், குடித்துவிட்டு ஒதுங்க இடமில்லாதவர் அதைக் குடிக்கப் போவதில்லை.

டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது 53 சதவீதத்தினருக்கு, ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. டீயை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், நானே விடவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே போதும்.

டீக்கடை என்றதும் தேங்காய்த் தொட்டியும் தனிக்குவளையும் நினைவுக்கு வராத ஆள் எங்கள் தலைமுறையில் கிடையாது. பேப்பர் கப் வந்ததும் பல கடைகளில் அந்தக் குவளை கண்ணில் படாமல் போனது. மனம் மாறியதா, கப் மாறியதா என்பதை வாசகர்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

நெல் அளந்த காலம்

கீழத்தஞ்சையில் காலைச் சாப்பாட்டின் கதை என்பது கூலியின் கதைதான். பண்ணையாள் காலத்தில் சூரியன் கிளம்பும் முன் வயலில் இறங்க வேண்டும். தாமதமானால் சவுக்கடி, சாணிப்பால். அந்த இரண்டும் கூடாது என்று எழுத்தில் வாங்கியது 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான். அதற்குப் பின்னால் நின்ற தோழர் பி.சீனிவாசராவின் நினைவிடம் நமக்குப் பக்கத்தில் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த பகை, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தியது. அரைப்படி நெல் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அது அவர்கள் வீட்டுக் காலைக் கஞ்சியாகத்தான் ஆகியிருக்கும்.

கூலியை நெல்லாக அளந்தவரை ஒரு விஷயம் இருந்தது. அந்த நெல்லை வீட்டில் அவித்து, காயவைத்து, உரலில் குத்தினார்கள். தவிடு முழுக்கப் போகாது. அறுவடை நாட்களில் வாங்கிய நெல் சில மாதங்களுக்கு அடுப்பெரியச் செய்யும். அறுவடை இயந்திரம் வந்ததும் அந்த நெல் நின்றது. அரிசி, ரேஷன் கடை வழியே வர ஆரம்பித்தது. 2011-லிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லாமலும் கிடைக்கிறது. பட்டினி குறைந்ததற்கு இந்த அரிசிதான் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால், தட்டில் அரிசி மட்டும் நிரம்பி மற்றவை காணாமல் போனதும் இந்தக் காலத்தில்தான்.

அந்த 'மற்றவை' என்னவென்றால், வயலில் கிடைத்தவை. என் அப்பாயி நடவு முடித்து வரும்போது மடியில் நத்தை இருக்கும். மழை விட்ட மறுநாள் வரப்பு நண்டு. வாய்க்கால் வற்றும்போது கெளுத்தி, குரவை, அயிரை. நத்தையைச் சுண்டவைத்து வைத்தால் மறுநாள் காலை பழையதுக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட வேறு வேண்டாம். நண்டை அம்மியில் நசுக்கி ரசம் வைத்தால் சளி, இருமல் எல்லாம் இறங்கும் என்பார் அப்பாயி. அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் புரதம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பெயர்தான் தெரியாது. ஊர்த்தெருவில் இதே உணவைச் சொல்லித்தான் எங்களைப் பழித்தார்கள். 'நத்தை தின்கிறவர்கள்' என்பது வசவு. பூச்சிமருந்து வயலில் இறங்கிய பிறகு நத்தையும் நண்டும் குறைந்தன. வசவுக்குப் பயந்து மிச்சத்தை நாமே விட்டோம். எதையும் சேர்க்காமலே இரண்டு கை போன மாதிரி ஆகிவிட்டது காலைச் சோறு.

பழையது பற்றிய பொய்யும் மெய்யும்

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் காலையில் இரும்புச்சத்து இருபது மடங்கு ஆகிவிடுகிறதாம். நம்பாதீர்கள். சட்டியில் இல்லாத இரும்பு இரவோடு இரவாக முளைக்காது. நடப்பது வேறு. சோறு புளிக்கும்போது நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தானியத்தில் சத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் பொருள் கொஞ்சம் உடைகிறது. அதனால், இருக்கிற சத்து உடம்பில் சேருவது எளிதாகிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது குடலுக்கு நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்களுக்கான சிகிச்சையோடு சேர்த்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றால் அது சும்மா இல்லை. வெயிலில் வேர்த்துக் கொட்டும் உடம்புக்கு உப்பிட்ட நீராகாரத்தைவிடச் சிறந்த பானத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை.

ஆனால், பழையது மட்டுமே சாப்பாடு ஆகாது. அதில் புரதம் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர் இரண்டு கும்பா நிறைய சாப்பிட்டுவிட்டு 'பாரம்பரியம்தானே' என்று இருந்தால் மாலையில் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும். ஊறுகாய், கருவாடு இரண்டிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுச் செய்வது நல்லது.

எனவே, நான் சொல்ல வருவது எளிமையானது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பக்கத்தில் ஒன்றைச் சேருங்கள். ஒரு அவித்த முட்டை. இன்றைய விலையில் ஆறேழு ரூபாய், ஆறு கிராம் புரதம். முட்டை முடியாத நாளில் இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஒரு கை சுண்டல். அதுவும் முடியாவிட்டால் வறுத்த வேர்க்கடலை. நெத்திலிக் கருவாடும் சென்னாக்கூனியும் முத்துப்பேட்டைக்காரர்களுக்கு வாசலிலேயே கிடைப்பவை. முள்ளோடு மெல்லும் நெத்தியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. முருங்கைக்கீரையை முதல்நாள் மாலையே உருவி வைத்தால் காலையில் ஐந்து நிமிடத்தில் வதங்கிவிடும். மேலே எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டு பிழிந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். நத்தை கிடைத்தால் நத்தை. வசவுக்காக எதையும் விட வேண்டியதில்லை.

கஞ்சி வரிசை

பழையது தினமும் சலிக்கும். புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நம் ஊரின் நோன்புக் கஞ்சியை. ரமலான் மாதத்தில் அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. மாலையில் பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கும் வாசனை முத்துப்பேட்டை முழுக்கப் பரவும். சிறுவயதில் தூக்கோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஊரில் வேறு பல வரிசைகளிலும் நின்றிருக்கிறேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்காத வரிசை அதுதான்.

அந்தக் கஞ்சியைக் காலைக்குக் கொண்டுவருவது சுலபம். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் ரேஷன் அரிசியை மிக்சியில் ஒரு சுற்று விட்டுக் குருணையாக்கிக்கொள்ளுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, சின்ன வெங்காயம், தக்காளி, இருந்தால் ஒரு கேரட். எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி குக்கரில் ஐந்து விசில். இறக்கிக் கடைந்து, புதினா, மல்லி கிள்ளிப் போட்டால் முடிந்தது. தேங்காய்ப்பால் இருந்தால் ஊற்றலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. அடுப்பில் வைத்துவிட்டு வாசல் தெளித்துவிட்டு வரலாம். அரிசியும் பருப்பும் சேர்ந்தால், தனித்தனியே இருப்பதைவிட நல்ல புரதம் கிடைக்கிறது. பல் இல்லாத பாட்டியும் ஒரு வயதுப் பேரனும் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்கலாம். பேரனுக்குக் காரம் மட்டும் குறைக்க வேண்டும்.

அடுத்தது அடை. இட்லி மாவு போலப் பொங்கக் காத்திருக்க வேண்டாம். ரேஷன் அரிசி இரண்டு பங்கு, துவரம் பருப்பு ஒரு பங்கு, இரவு ஊறவைத்து, காலையில் மிளகாய், சோம்பு போட்டு கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து ஊற்றினால் ஆளுக்கு இரண்டு போதும். தூக்கில் சுருட்டி எடுத்துப்போகலாம். கையில் பிய்த்துத் தின்னலாம். வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட, குழம்பு ஊற்றிய சோற்றைவிட வசதி. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியில் அதைப்போலப் பல மடங்கு. அந்த ஒரு கிலோவை யாரும் கடைக்காரரிடமே திருப்பி விற்றுவிட்டு வராதீர்கள்.

2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் எங்கள் தெருக்களில் இட்லியை அன்றாட உணவாக்கின. ஆட்டுக்கல் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், ஐந்து இட்லியும் சர்க்கரை போட்ட டீயுமாக நிறுத்திவிடாமல், பருப்பு கூடுதலாக விழுந்த சாம்பாரோ வேர்க்கடலைச் சட்னியோ வேண்டும். தண்ணீர்ச் சட்னி நாக்குக்குத்தான் உதவும்.

கோதுமை கிடைக்கும் மாதத்தில் மாவு மில்லில் கொடுத்து ரவையாக உடைத்துவையுங்கள். காய் போட்டு உப்புமா கிளறினால் வெள்ளை ரவையைவிட நேரம் தாங்கும். ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டிய நாளில் அடுப்பே வேண்டாம். சிவப்பு அவலை இரவு ஊறவைத்து, வேர்க்கடலையும் வெல்லமும் கலந்தால் ஆயிற்று.

ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு நிறத்தில் சில மணிகள் கிடக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பலர் பொறுக்கிப் போடுகிறார்கள். அது பிளாஸ்டிக் அல்ல. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலக்கிறார்கள். ஏழு தண்ணீர் அலசி, பொங்கி வடித்துக் கஞ்சியைக் கீழே கொட்டினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது பழையதில் ஊற்றுங்கள்.

கேழ்வரகைப் பற்றிக் கேட்பார்கள். நல்லதுதான். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. ஆனால் கடைவிலை கட்டுப்படியாக வேண்டுமே. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நெல் விளைகிற பூமி என்பதற்காக டெல்டாவின் கூலிக்காரர் அரிசியை மட்டுமே தின்று தீர வேண்டும் என்று ஒரு விதி இல்லை. இங்கும் கேட்கலாம்.

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை எல்லாம் நம் பக்கத்து நெல்தான். கட்டிமேட்டில் பிறந்த 'நெல்' ஜெயராமன் ஆதிரெங்கத்தில் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அழிந்துகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைக் காத்தார். 2018-ல் அவர் இறந்தது நம் மாவட்டத்துக்கு இழப்பு. அந்த இரண்டு கிலோவை வாங்கிப் போவதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதுதான் எங்கள் தெருவின் சங்கடம். நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் எங்கள் கைகள். அந்த அரிசி பாலித்தீன் பையில் கிலோ நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது வாங்க முடியாததும் அதே கைகள்தான். நிலம் குத்தகைக்காவது கிடைக்கிற மகளிர் குழுக்கள் பத்து குழியில் பூங்காரைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு ஆகும்.

பள்ளிக்கூடத்துக் காலை

இட்லி என்று பொய் சொன்ன பையனின் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் பாதி குறைந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல் நம் டெல்டாவின் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுவதும் 31,008 பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, காய் போட்ட சாம்பாரோடு. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், பருப்பு 15 கிராம் என்பது கணக்கு. வாரத்தில் இரண்டு நாளாவது சிறுதானியம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

பிள்ளைக்குப் போலவே தாய்க்கும் இது உதவி. ஆறு மணிக்கு வேன் ஏறுகிறவருக்கு, பிள்ளை வெறும் வயிற்றோடு போகுமோ என்ற கவலை இல்லை. அடுப்படியில் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியில் அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சமைக்கிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால், கரண்டி யார் கையில் என்றுதான் ஊர் முதலில் பார்க்கிறது. 2023-ல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் பட்டியலினப் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போய் அதே உணவைச் சாப்பிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதே மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் இதே கதை. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். அதற்கும் முன்னால் 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சத்துணவு சமையலரை ஊரே எதிர்க்க, அவரை இடம் மாற்றினார்கள். பிறகு அந்த உத்தரவை ரத்து செய்து வழக்கும் பதிவானது.

நம் ஒன்றியத்தில் இந்த வேலைக்குத் தகுதியுள்ள காலனிப் பெண்கள் பலர் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். 'நம்ம கையால சமைச்சா அவுங்க சாப்புடுவாங்களா' என்று தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள். தயங்காதீர்கள். சாப்பிட மாட்டேன் என்பவர் மீதுதான் சட்டம் பாயும், சமைத்தவர் மீதல்ல. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உண்மையிலேயே பசியில்லாமல் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருப்பது வேறு. ஒரே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் சாப்பிடாமல் இருப்பது வேறு. இரண்டாவது நடந்தால் அன்றே எழுதி அனுப்புங்கள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் காலை உணவு இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைக்குத்தான் ரத்தம் அதிகம் தேவைப்படும் வயது தொடங்குகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு உணவுப்படி 2023-ல் மாதம் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது, கல்லூரி மாணவர்களுக்கு 1,500. முன்பிருந்ததைவிட நானூறு ரூபாய் கூடுதல், மறுப்பதற்கில்லை. வகுத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 46 ரூபாய் சொச்சம், மூன்று வேளைக்கும். காலைக்குப் பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் வைத்தாலே தட்டில் வேறு எதற்கு இடமிருக்கும் என்று விடுதிக் காப்பாளர்களைக் கேளுங்கள். பெயர்ப்பலகையில் 'சமூகநீதி விடுதி' என்று 2025-ல் மாற்றியிருக்கிறார்கள். தட்டுக்கும் அது வரட்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது. என் மகள் ஓட்ஸ் பாக்கெட் வாங்கிவந்து காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "பசையாட்டம் இருக்கு ஆயி, செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றார். மருத்துவரிடம் கேட்டோம். ஒரு சின்னக் கிண்ணம் பழையது, ஒரு முட்டை, கீரை, மோர் என்றால் பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து அதுதான். சோறு எவ்வளவு என்பதில்தான் வீட்டில் தினமும் சண்டை.

நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாகப் போய்க் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பள்ளிக் காலை உணவில் வாரம் இரண்டு நாள் சுண்டலோ முட்டையோ வேண்டும். ரேஷனில் மாதம் ஒரு கிலோ பயறு அல்லது கேழ்வரகு வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் நடவுக் காலத்தில் பெரிய வயல்வெளிகளிலும் பெண்களுக்கு மறைப்போடு கூடிய கழிப்பிடம் வேண்டும். முதல் இரண்டும் ஊராட்சி கையில் இல்லை, தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மூன்றாவதுக்குத் தகரமும் நான்கு கம்பும் போதும். அதை ஊராட்சியிலேயே முடித்துவிடலாம்.